தறி நின்னா போதுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட் டெமோவில் நாம என்ன காட்டுவோம்? நல்லா ஓடுறதைத்தான். கெட்டுப்போனா என்ன ஆகும்னு யாராவது கேட்டால் முழிப்போம். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவே முடியாத இடத்தில் இருந்த ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹோமி பாபா 1909-ல் மும்பையில் பிறந்தார். வீட்டார் ஆசைக்காக கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் படித்தார், மனசெல்லாம் இயற்பியல். 1930-ல் முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டு அந்தப் பக்கம் தாவினார். 1939-ல் லீவுக்கு ஊர் வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

1956 ஆகஸ்ட் 4. டிராம்பேயில் நாட்டின் முதல் அணு உலையான அப்சரா இயங்கத் தொடங்கியது. ஆழமான தண்ணீர்த் தொட்டி, உள்ளே யுரேனியம்.

எங்க ஆர்.கே.பேட்டையில் விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அப்சராவும் அப்படித்தான். தண்ணீர் போனால் நியூட்ரான்களின் வேகம் குறையாது, தொடர்வினை நின்றுவிடும். ஆனால் தறி நின்றால் கதை முடிந்தது. உலை நின்றாலும் முடியாது. நின்ற நொடியிலும் சுமார் 6 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். கட்டுப்பாட்டுத் தண்டைச் சட்டென்று வெளியே இழுத்துவிட்டால் அது வேறு ஆபத்து.

அதனால் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சோதனை உலைக்கு அனுமதி கேட்டால், நடக்கக்கூடியதில் படுமோசமான விபத்து எது, அப்போதும் வெளியே இருக்கிற மக்கள் தப்பிப்பார்களா என்று கணக்குக் காட்டச் சொன்னார்கள். கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. 1954-ல் ஐடஹோவில் போராக்ஸ் என்ற சிறு உலையை வேண்டுமென்றே எல்லை மீற விட்டார்கள். கணித்ததைவிடப் பெரிதாக வெடித்தது.

இங்கே அந்தக் கேள்வியை யார் கேட்பது? 1960-ல் பாபாவே எழுத்தில் உத்தரவு போட்டார்: கதிரியக்கப் பொருளால் ஊழியருக்கும் மற்றவருக்கும் தீங்கு வரக்கூடாது, நாட்டுக்கே முன்மாதிரியாக நடக்க வேண்டும். 1962-ல் உலைகளுக்கென்று பாதுகாப்புக் குழு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்க. உலை கட்டும் துறைக்கும் அவர்தான் தலைவர், குழுவுக்கும் மேலே அவர்தான்.

1966 ஜனவரி 24. பாபா போன விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. இருந்த 117 பேரில் யாரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 56. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல்தான் பிறந்தது. அதுவும் அணுசக்தி ஆணையத்துக்கே பதில் சொல்லும்படி.

பாபா அக்கறையுள்ள மனுஷன்தான். ஆனால் ஒரு மனுஷனின் அக்கறை அவரோடு போய்விடும். அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க புராஜெக்ட்டில் கை வைக்காத ஒருத்தரைக் கூப்பிட்டு, இது எப்படியெல்லாம் கெடும்னு கேட்கச் சொல்லுங்க. உங்களுக்குப் பயப்படாதவரா இருக்கணும், அவ்வளவுதான்.