முத்துலட்சுமி ரெட்டி: பிரசவ உதவித்தொகைக்குப் பின்னால் ஒரு டாக்டரின் கதை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டார கரிசல் கிராமங்களில் ஒரு பெண் கர்ப்பமானால் முதல் வேலை, நர்சம்மாவிடம் பெயர் பதிந்து பிக்மி எண் வாங்குவதுதான். அந்த எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி பணம் வரும். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் உதவி. பெயர் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது.

அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிக்கு எடை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள். வீட்டில் அடி விழுகிறதா, மனசில் ஆறாத காயம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டுமா? கேட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு அவர் வாழ்க்கையில் விடை தேடலாம்.

யார் இவர்?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மரபுப் பெண்களை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதைச் சின்ன வயசிலேயே அறிந்தவர் முத்துலட்சுமி.

பெண் பிள்ளை வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடும் காலம் அது. வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளைத் தாண்டிச் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தார்.

நோய் முற்றும் முன்பே பார்ப்பது

1927-ல் சென்னை மாகாண சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். டாக்டராக இருந்தவர் அங்கே போயும் டாக்டராகவே யோசித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையாக மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்தினார். நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது, ஆள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். இன்றைய நோய் கண்டறியும் முகாம்களுக்கும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கும் அடிப்படை இதே எண்ணம்தான்.

குழந்தைத் திருமணத்தை எதிர்த்தார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கேட்டார். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். அவர் கேட்ட தடைச் சட்டம் முழுசாக நிறைவேற 1947 வரை ஆனது.

சட்டம் கேட்டால் போதுமா?

போதாது என்பதை அவருக்குக் காட்டியது ஒரு சம்பவம். அந்த வாழ்க்கையிலிருந்து தப்பித்து வந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை ஊருக்கே எடுத்துச் சொல்லியாயிற்று. ஆனால் அன்று ராத்திரி தலைசாய்க்க அவர்களுக்கு இடம் இல்லை.

முத்துலட்சுமி தன் வீட்டிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்த கதை இதுதான். சாப்பாடு, படுக்கை, படிப்பு, கைத்தொழில், பிறகு சொந்தக் காலில் நிற்க ஒரு வேலை என்று வரிசையாக வந்தது. மனக்காய சிகிச்சை என்ற சொல்லெல்லாம் அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை. ஆனாலும் இன்றைய நிபுணர்கள் முதலில் சொல்லும் விஷயமும் பாதுகாப்புதான். பயம் விலகாத இடத்தில் காயம் ஆறாது.

எல்லாரும் ஆதரித்தார்களா?

இல்லை. தேவதாசிப் பெண்களிலேயே பலர் அந்த மசோதாவை எதிர்த்தார்கள். இசைக் கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். தங்கள் எல்லாரையும் ஒரே மாதிரி ஒழுக்கம் கெட்டவர்களாகச் சித்திரிக்கிறார்கள், கலையும் சொத்துரிமையும் போய்விடும், தங்களைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள் என்பது அவர்கள் குறை.

சிறுமிகளைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதில் முத்துலட்சுமி உறுதியாக நின்றது சரி. ஆனால் உதவி செய்கிறவர்கள், உதவி பெறுகிறவர்களின் பேச்சைக் கேட்காமல் போனால் அதுவே இன்னொரு காயமாகலாம். இந்த எச்சரிக்கையும் அவர் வாழ்க்கையிலிருந்து கிடைப்பதுதான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மாறியது. தொடங்கியபோது வெறும் 12 படுக்கைகள். 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1968-ல் காலமானார்.

கரிசல் காட்டு கிளினிக்கில் இது எப்படிப் பொருந்தும்?

மானாவாரி நிலத்தில் களையெடுப்பு, தீப்பெட்டி ஆபீஸ் வேலை, மழை பொய்த்தால் கடன் என்று ஓடும் வாழ்க்கையில் உடம்புவலி சகஜம். அதனால் தீராத தலைவலி, தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் வலி என்று ஒரு பெண் வந்தால் மாத்திரையோடு விஷயம் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் அடியோ, பழைய அதிர்ச்சியோ இருந்தால் அது வெளியே வராது.

அதற்காக வருகிற எல்லாரிடமும் படிவத்தை நீட்டி டிக் போடச் சொல்வதும் வழியல்ல. கணவர் தரும் வன்முறை குறித்து உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லாப் பெண்களிடமும் கேட்கும் முறையைப் பரிந்துரைக்கவில்லை. அறிகுறி தெரிந்தால் கேட்கச் சொல்கிறது. கர்ப்பகாலப் பரிசோதனையில் கேட்பதற்கும் இடம் தருகிறது. ஆனால் கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும். தனிமை வேண்டும். ரகசியம் காக்கப்பட வேண்டும். அனுப்பி வைக்க ஓர் இடமும் இருக்க வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், அந்தப் பெண் வீட்டுக்குப் போனதும் நிலைமை மோசமாகலாம்.

பதில் வந்தால் செய்ய வேண்டியவை ஐந்து. குறுக்கே பேசாமல் காது கொடுப்பது. இப்போது என்ன தேவை என்று அவரிடமே கேட்பது. சொல்வதை நம்புவதும், தப்பு அவருடையது இல்லை என்று புரியவைப்பதும். வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பா என்று பார்ப்பது. அடுத்த உதவியோடு சேர்த்துவிடுவது. நடந்ததை எல்லாம் விலாவாரியாகச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. முடிவு அந்தப் பெண்ணுடையது.

அன்று அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு முத்துலட்சுமியின் வீட்டுக் கதவு மட்டும்தான் திறந்தது. இன்று மாவட்டத்துக்கு மாவட்டம் மருத்துவம், சட்டம், மனநல உதவி, தற்காலிகத் தங்கல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தர ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. பிரசவ உதவித்தொகைக்குப் பெயர் பதியும்போதே இந்த எண்களையும் தனியாகச் சொல்லி அனுப்பினால், திட்டத்துக்கு வைத்த பெயருக்கும் பொருத்தமாக இருக்கும்.