புலி முகத் துப்பாக்கி, இரும்பு ராக்கெட்... திப்பு சுல்தானின் ஆயுதக் கூடம் சொல்லும் கதை!

தீபாவளி ராத்திரியில் பாட்டிலுக்குள் குச்சியைச் சொருகி, திரியைப் பற்ற வைத்துவிட்டு ஓடுகிறோமே... அந்த ராக்கெட்டுக்கும் மைசூரை ஆண்ட ஒரு மன்னருக்கும் சம்பந்தம் இருக்கிறது. காரியாபட்டி, சாத்தூர், சிவகாசி என விருதுநகர் மாவட்டத்தில் வெடிமருந்து என்றாலே பிழைப்பு. ஆனால் சுமார் 230 வருடங்களுக்கு முன்னால், இதே கரிமருந்தை வைத்து ஒரு பேரரசையே மிரள வைத்தவர் திப்பு சுல்தான்.

அவருடைய வாளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தங்கமும் வெள்ளியும் இழைத்து, உடம்பெல்லாம் புலி வரிகளோடு செய்யப்பட்ட அந்தத் துப்பாக்கிகள் இன்று உலக அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் கிடக்கின்றன. அவை அங்கே எப்படிப் போயின? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த திப்பு?

1750-ம் ஆண்டு நவம்பர் மாதம், இன்றைய பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தேவனஹள்ளியில் பிறந்தவர். அப்பா ஹைதர் அலி, அம்மா ஃபக்ருன்னிசா. திப்பு என்ற பெயரே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரின் நினைவாக வைத்த பெயர் அது.

ஹைதர் அலியின் வளர்ச்சியிலும் நம்ம ஊருக்குப் பங்கு உண்டு. 1755-ல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக அனுப்பியது. காரியாபட்டியிலிருந்து மதுரையைத் தாண்டிப் போனால் வரும் அதே திண்டுக்கல்தான். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதப் பட்டறை அமைத்தார் ஹைதர். ஐரோப்பியரை ஜெயிக்க வேண்டுமென்றால் அவர்கள் ஆயுதத்தை வாங்கினால் மட்டும் போதாது, செய்யவும் தெரிய வேண்டும் என்ற பாடத்தை மகன் கற்றது அப்பாவிடமிருந்துதான்.

அது என்ன புலி?

திப்புவுக்குப் புலி என்பது வெறும் பிடித்த மிருகம் இல்லை. அதுதான் அவருடைய அரசு முத்திரை. சிம்மாசனத்தில் புலித் தலை, வீரர்களின் உடையில் புலி வரி, பீரங்கியின் வாயிலும் புலி முகம். உட்கார்ந்திருக்கும் புலி வடிவத்திலேயே வார்த்த சிறு பீரங்கிகளும் உண்டு.

துப்பாக்கியில் இது இன்னும் நுணுக்கமாக இருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பெரும்பாலும் திரித் துப்பாக்கிதான். எரியும் திரியை மருந்தில் தொட வைத்துச் சுடுவது. மழை பெய்தால் திரி அணைந்துவிடும், கதை முடிந்தது. திப்பு சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மாறினார். விசையை இழுத்தால் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை, அதாவது சுத்தி போன்ற பாகம், இரும்புத் தகட்டில் மோதும். தீப்பொறி பறக்கும், மருந்து பற்றும்.

திப்புவின் கைவினைஞர்கள் அந்தக் குதிரையையே புலி வடிவத்தில் செய்தார்கள். குழலின் வாய்ப் பக்கம் புலி முகம், குழல் நெடுகத் தங்கத்தில் புலி வரி, மரக்கட்டையில் வெள்ளித் தகடு. அரபி எழுத்துகளையே வளைத்துப் புலி முகம் மாதிரி அமைத்த முத்திரைகளும் உண்டு. பல துப்பாக்கிகளில் செய்த உஸ்தாத்தின் பெயர், செய்த ஊர், செய்த வருடம் எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். ஊர் என்றால் பட்டன், அதாவது ஸ்ரீரங்கப்பட்டணம். வருடம், திப்பு தானே அறிமுகப்படுத்திய நாட்காட்டிப்படி. அதன் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இது தெரியாமல் படித்தால் கணக்கே மாறிவிடும்.

கைத்துப்பாக்கி ஜோடிகளில் இன்னொரு அழகு. ஒன்றில் விசைப்பொறி வலது பக்கம், மற்றதில் இடது பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும்.

துப்பாக்கிக் குழல் வட்டமாகத்தானே இருக்கும்?

இல்லை. பழைய துப்பாக்கிகளில் பல தினுசு உண்டு.

முதலில் ஒரு சின்ன கணக்கு. 12 போர், 20 போர் என்று சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக உட்காருமோ, அந்த எண்தான் போர். 12 உருண்டை என்றால் 12 போர், 20 என்றால் 20 போர். எண் கூடக் கூட உருண்டை சிறிசாகும், குழலும் குறுகும்.

ஆனால் குழலின் உள்துளை உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தியத் திரித் துப்பாக்கிகளில் உள்துளை சதுரமாக இருப்பவையும் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஜேம்ஸ் பக்கிள் என்பவர் 1718-லேயே ஒரு சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். கிறிஸ்தவர்களுக்கு எதிராக உருண்டைக் குண்டு, துருக்கியர்களுக்கு எதிராகச் சதுரக் குண்டு என்பது அவர் திட்டம். சதுரக் குண்டு காயத்தை மோசமாக்கும் என்று நினைத்தார்கள். அந்தத் துப்பாக்கி வியாபாரத்தில் எடுபடவில்லை.

சதுரத் துளை ஏன் நிலைக்கவில்லை? வட்டத் துளையைத் துளைப்பானைச் சுழற்றிக் கடையலாம். சதுரத்தை அப்படிச் செய்ய முடியாது. குண்டும் மூலைக்கு மூலை பொருந்த வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டால் புகை அந்த வழியாகத் தப்பிவிடும், வேகம் போய்விடும். கொல்லரின் திறமையைக் காட்ட நல்லது, போருக்குச் சரிப்படாது.

திப்புவின் ஆயுதக் கூடத்தில் பிளண்டர்பஸ் என்ற ரகம் இருந்தது. குட்டையான குழல், வாய் மட்டும் புனல் போல விரிந்திருக்கும். வாய் அகலம் என்பதால் குண்டுகள் விசிறி மாதிரி சிதறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிதறல் அவ்வளவாக மாறாது. ஓடும் குதிரையிலோ ஆடும் படகிலோ இருந்தபடி சீக்கிரம் மருந்தும் குண்டும் கொட்டி அடைக்க அந்த அகல வாய் வசதி. எதிரே நிற்பவருக்கு அந்த வாயைப் பார்த்தாலே பயம். அதுவும் ஒரு ஆயுதம்தானே!

இன்னொரு புதுமை, ஒரே குழலில் இரண்டு வெடி. மருந்து, குண்டு, அதன் மேல் மறுபடி மருந்து, குண்டு என அடைத்து, முன்னால் இருப்பதை முதலில் சுட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை அடுத்துச் சுடும் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும் மறுபடி அடைக்க நேரம் பிடிக்கும் காலத்தில், இரண்டாவது குண்டு என்பது உயிர் பிழைக்கும் வாய்ப்பு.

அழகு மட்டுமா, பலன் இருந்ததா?

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை நொறுங்கியது. அதில் மைசூர் ராக்கெட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. அந்தப் போரின் ஓவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் இருக்கிறது.

நம்ம சிவகாசி ராக்கெட்டுக்குக் காகிதக் குழல். மைசூர் வாணத்துக்கு இரும்புக் குழல். வித்தியாசம் அங்கேதான். இரும்பு என்றால் மருந்தை நன்றாக இறுக்கி அடைக்கலாம், உள்ளே அழுத்தம் கூடினாலும் குழல் கிழியாது. அதனால் சுமார் 2 கிலோமீட்டர் வரை பாய்ந்தது. மூங்கில் கழியோ வாளோ கட்டி அனுப்பினார்கள்.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்ததும் திப்பு ஆட்சிக்கு வந்தார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கை. கம்பெனிக்காரர்கள் சமாதானம் கேட்டு வந்த காலம் அது. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூரு உள்ளிட்ட ஊர்களில் தாரா மண்டல் என்ற பெயரில் ஆயுதத் தொழிற்கூடங்களை நடத்தினார். 1788-ல் அவர் தூதர்கள் பாரிஸ் போய் மன்னர் 16-ம் லூயியைப் பார்த்தார்கள். படை மட்டும் இல்லை, தொழில் தெரிந்த கைவினைஞர்களையும் அனுப்புங்கள் என்பதும் திப்புவின் கோரிக்கை.

இன்னொரு பக்கமும் உண்டு. குடகு, மலபார் பகுதிகளில் அவர் படை நடத்திய விதம், ஆட்களைப் பிடித்துச் சென்றது ஆகியவை இன்றும் சூடான விவாதமாக இருக்கின்றன. கர்நாடகத்தில் அவர் பிறந்தநாள் விழாவே அரசியல் ஆனதற்குக் காரணம் இதுதான்.

எங்கே சறுக்கினார்?

துப்பாக்கியில் குறை இல்லை. ஆனால் அவர் தனி ஆளாகிப் போனார். 1790-ல் தொடங்கிய மூன்றாவது மைசூர் போரில் கம்பெனி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும் சேர்ந்து வந்தார்கள். 1792 உடன்படிக்கையில் ராஜ்ஜியத்தின் பாதி போனது. அப்பா பட்டறை போட்ட திண்டுக்கல்லும், சேலம் பக்கத்துப் பாரமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. நஷ்ட ஈடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதைக் கட்டி முடிக்கும் வரை இரண்டு சின்னப் பையன்களைப் பணயமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைகளை எதிரியிடம் ஒப்படைத்த அந்த அப்பா, 1794-ல் அவர்கள் திரும்பி வரும் வரை காத்திருந்தார்.

1799-ல் கடைசிப் போர். ஏப்ரல் 5-ம் தேதி இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையை இருட்டில் ராக்கெட்டுகளும் துப்பாக்கிகளும் சிதறடித்தன. பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லெஸ்லிதான். ஆனால் கோட்டைச் சுவரைப் பீரங்கிகள் உடைத்துவிட்டன. மே 4-ம் தேதி மதியம் படை உள்ளே புகுந்தது. திப்பு ஓடவில்லை. சண்டையிட்டபடியே விழுந்தார். இரவில் பிணக் குவியலுக்குள் தேடித்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். வயது 48. அதே வருடம் அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

துப்பாக்கிகள் எங்கே போயின?

கோட்டை விழுந்ததும் கொள்ளை. தங்கத் தகடு போர்த்திய சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டார்கள். துப்பாக்கிகளை அதிகாரிகள் நினைவுப் பரிசாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்குப் போனவை வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் இருக்கின்றன. ஆங்கிலேயரைக் கடிக்கும் மரப்புலி பொம்மை லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-ல் அங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சியில் கோட்டையில் புலிக் கொடி ஏறியது. அதன்பிறகு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராக்கெட்டுகள் இங்கிலாந்து போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1960-களில் அமெரிக்காவின் நாசா மையம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்து அப்துல் கலாம், அங்கே திப்பு படையின் ராக்கெட் ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்து வியந்தார். 2018-ல் கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது 1,000-க்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழல்கள் கிடைத்தன.

2023 மே மாதம் திப்புவின் படுக்கையறை வாள் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. நம்ம பணத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல். அந்த மாதிரி ஆயுதங்களை உருக்கி, அடித்து, இழைத்து உருவாக்கிய உஸ்தாத்களின் பெயர்கள் சில குழல்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மற்றவர்கள் யார் என்று தெரியாது.

அடுத்த தீபாவளிக்கு ராக்கெட்டைப் பற்ற வைக்கும்போது, அதைச் சுற்றிய கைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.