வானத்தின் கருந்திட்டுகளைப் படம்பிடித்த பார்னார்ட்

ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், நிலவில்லா இரவில் மொனராகலைக் காட்டுப் பாதையில் தலைநிமிர்ந்தால் ஒன்றைக் காண்பர். கேட்டை நட்சத்திரத்துக்கு அப்பால் ஒளிரும் பால்வீதி, நடுவே கருமை படர்ந்து பிளவுண்டு கிடக்கும். அக்கருமை யாதென அறிவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857ஆம் ஆண்டு பிறந்த அவர், தந்தையின் முகத்தையே கண்டதில்லை. பள்ளியில் பயின்றது இரண்டே மாதங்கள். ஒன்பதாம் வயதில் வறுமை அவரைப் புகைப்பட நிலையமொன்றில் வேலைக்கு அமர்த்தியது. கூரை மீதிருந்த உருப்பெருக்கிக் கருவியைச் சூரியனின் போக்குக்கேற்ப நாள் முழுவதும் திருப்பிக்கொண்டிருப்பதே சிறுவனின் பணி. சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், பின்னாளில் தொலைநோக்கியை விண்மீனை விட்டு விலகாமல் மணிக்கணக்கில் செலுத்துவதற்கு வேண்டிய பொறுமையை அக்கூரையே அவருக்கு அளித்தது எனலாம்.

சிறுகச் சிறுகச் சேமித்து ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்தால் 200 டொலர் பரிசு என்றொரு செல்வந்தர் அறிவித்திருந்த காலம் அது. பார்னார்ட் அடுத்தடுத்து வால்வெள்ளிகளைக் கண்டறிந்தார். மனையாளுடன் குடியேறிய வீட்டின் கடன் அப்பரிசுப் பணத்தாலேயே அடைந்தது. பின்னர் கலிபோர்னியாவின் லிக் வான் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. 1892இல் வியாழனின் ஐந்தாம் சந்திரனைக் கண்டு உலகப் புகழ் பெற்றார்.

எனினும், அவரது உள்ளம் பால்வீதியிலேயே பதிந்திருந்தது. 1889 முதல், முகப்படம் எடுப்பதற்கென ஆக்கப்பட்ட வில்லையொன்றைப் பொருத்திக் கண்ணாடித் தகடுகளில் வானைப் பதிவு செய்தார். விண்மீன் கூட்டங்களிடையே கருந்திட்டுகள் தெளிவாக விழுந்தன. நூறாண்டுகளுக்கு முன் வில்லியம் ஹெர்ஷல் கருதியவாறே, அவை விண்மீன்களற்ற வெற்றுத் துளைகள் என்றே இவரும் நெடுங்காலம் நம்பினார். 1905இல், தென்வானம் சற்று உயர்ந்து தெரியுமென்று, யேர்க்ஸ் ஆய்வகத்தின் புரூஸ் தொலைநோக்கியை மவுண்ட் வில்சன் மலைக்கே கொண்டுசென்றும் படமெடுத்தார். ஐயம் வளர்ந்ததேயன்றித் தீரவில்லை.

1913ஆம் ஆண்டுக் கோடை இரவொன்றில், தனுசு ராசியின் ஒளித்திரளுக்குக் குறுக்கே நம் பூமியின் சிறு முகில்கள் சில நகர்ந்தன. ஒளியைப் பின்னணியாகக் கொண்டு அவை மைத்துளிகள் போல் கறுத்துத் தெரிந்தன. தமது தகடுகளில் கண்ட திட்டுகளும் அவ்வாறேயிருந்தன! துளைகளல்ல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் பொருள்களே என்ற முடிவை நோக்கி அவரைத் திருப்பியதில் அக்காட்சிக்குப் பங்குண்டு. தாம் பல்லாண்டுகள் கொண்டிருந்த கருத்தைத் தாமே கைவிட்டு எழுதவும் அவர் தயங்கவில்லை. அறிஞரிடத்தும் இது அரிது. ஆயினும் எல்லாத் திட்டுகளும் அத்தகையனவே என்று அடித்துக் கூறவுமில்லை.

1919இல் 182 கரும்பொருள்களைப் பட்டியலிட்டார். 1923 பெப்ரவரியில் காலமானார். எஞ்சிய பணியை, அவருடைய மனைவியின் உறவுப் பெண்ணான மேரி கல்வர்ட், ஆய்வகத் தலைவர் ஃப்ராஸ்ட் ஆகியோர் முடித்து 1927இல் பால்வீதிப் படத்தொகுதியை வெளியிட்டனர். அவை தூசும் வாயுவும் செறிந்த குளிர்ந்த முகில்கள் என்பதும், புதிய விண்மீன்கள் அவற்றினுள்ளேயே பிறக்கின்றன என்பதும் பின்னர் உறுதியாயின. வீட்டு முற்றத்தில் கமராவை நிறுத்தி மிருகசீரிடத்தை அடுத்த குதிரைத்தலை முகிலைப் படமெடுக்கும் ஆர்வலர்கள், இன்றும் அதனைப் பார்னார்ட் 33 என்றே குறிக்கின்றனர்.