ஊர் கூடி அனுப்பிய மாணவர்: புக்கர் டி. வாஷிங்டன்

அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து, கல்வியால் உயர்ந்து, பின்னர்த் தம் இனத்து இளைஞர் பல்லாயிரவருக்குக் கல்விக்கண் திறந்த பெரியார் புக்கர் டி. வாஷிங்டன் ஆவார். அவர் நிறுவிய டஸ்கிகீ கல்வி நிலையத்தின் புகழை உலகம் அறியும். ஆயினும், பதினாறு வயதில் அவர் தம் சிற்றூரை விட்டுத் தொலைவிலிருந்த கல்லூரிக்குப் புறப்பட்ட வரலாறும், அங்கே அவர் கழித்த முதலாண்டின் வரலாறுமே மாணவர்களும் பெற்றோர்களும் முதற்கண் அறியத்தக்கவை. ஒரு பிள்ளையின் படிப்பு அப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று, அஃது ஊருக்கே உரியது என்னும் உண்மையை அவை நமக்கு உணர்த்துகின்றன.

பிறப்பும் பெயரும்

வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு புகையிலைப் பண்ணையில் புக்கர் பிறந்தார். தாம் பிறந்த நாளையோ ஆண்டையோ அவர் திட்டமாக அறிந்திலர். அடிமைக் குழந்தையின் பிறப்பைக் குறித்து வைப்பார் யார்? 1856ஆம் ஆண்டே அவர் பிறந்த ஆண்டு எனப் பிற்காலத்தார் கொள்கின்றனர். தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரர். தாயும் மக்களும் மண் தரையில் கந்தல்களை விரித்து உறங்கினர்.

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அடிமைகள் விடுதலை பெற்றனர். புக்கரின் மாற்றாந்தந்தை அதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் சிற்றூரை அடைந்து உப்பு உலையில் வேலைக்கு அமர்ந்திருந்தார். அவர் அழைப்பை ஏற்று, ஜேன் தம் மக்களுடன் மலைகளைக் கடந்து பல வாரங்கள் பயணம் செய்தார். வழியின் பெரும்பகுதியைப் பிள்ளைகள் நடந்தே கடந்தனர்.

மால்டன் ஊர் மக்கள்

மால்டனில் கிணறுகளிலிருந்து உப்பு நீரை இறைத்துப் பெரிய உலைகளில் காய்ச்சி உப்பு எடுப்பர். தொழிலாளர்களின் குடில்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. துப்புரவு குறைவு. குடியும் சூதும் சண்டையும் மிகுதி. சிறுவன் புக்கரும் தந்தையோடு உலைக்குச் சென்றான். விடியற்காலை நான்கு மணிக்கே வேலை தொடங்கிவிடும். உப்பை அடைத்த பீப்பாய்களின்மேல் அவன் தந்தையின் அடையாளமாக 18 என்னும் எண்ணை மேலாளர் எழுதுவார். புக்கர் முதன்முதலாகக் கற்ற பாடம் அந்த எண்ணே. எழுத்தறியாத தாயார் எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடியைத் தேடிக் கொணர்ந்து மகன் கையில் கொடுத்தார்.

குறைகள் பல இருந்தபோதிலும் அவ்வூர் மக்களிடம் ஒரு பெருங்குணம் இருந்தது. படிப்பின்மீது அவர்கள் தணியாத வேட்கை கொண்டிருந்தனர். படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் மாலைதோறும் செய்தித்தாளைப் படிப்பார். ஊரே அவரைச் சூழ்ந்து நின்று கேட்கும். பின்னர், கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்க ஊரார் முடிவு செய்தனர். அரசாங்கம் உதவவில்லை. குடும்பத்திற்கு இவ்வளவு என மாதந்தோறும் பணம் தண்டி ஆசிரியருக்கு ஊதியம் அளித்தனர். ஆசிரியர் முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் உண்டு உறங்கினார். ஆசிரியர் தம் வீட்டிற்கு வரும் நாளைப் புக்கர் ஆவலோடு எதிர்பார்த்திருப்பான். இறப்பதற்குள் விவிலியத்தைத் தாமே படித்துவிட வேண்டும் என்னும் ஆசையால் எழுபது வயதைக் கடந்தவர்களும் இரவுப் பள்ளிக்கு வந்தனர்.

ஆனால் புக்கரின் மாற்றாந்தந்தையோ மகனின் உழைப்பை இழக்க விரும்பவில்லை. எனவே புக்கர் முதலில் இரவிலே பாடம் கேட்டான். பின்னர், காலை ஒன்பது மணிவரை உலையில் உழைத்துவிட்டுப் பகற்பள்ளிக்குச் சென்றான். பள்ளி முடிந்ததும் மீண்டும் இரண்டு மணி நேரம் உழைத்தான். பள்ளியில் பெயர்களைப் படித்தபோது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களேனும் இருந்தன. அவனுக்கோ புக்கர் என்னும் ஒரு பெயரே இருந்தது. தன் முறை வந்ததும் சற்றும் தயங்காமல் வாஷிங்டன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். அவன் தானே தேடிக்கொண்ட அப்பெயரே பின்னாளில் வரலாற்றில் நிலைத்தது.

புறப்பாடு

சில காலம் புக்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தான். ஒரு நாள் அவ்விருளில், கறுப்பினத்தவர்க்கான ஒரு பெரிய கல்வி நிலையத்தைப் பற்றி இரு தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. ஏழைப் பிள்ளைகள் அங்கே வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். 1868ஆம் ஆண்டில் ஜெனரல் ஆம்ஸ்ட்ராங் என்பவர் வர்ஜீனியாவின் கடற்கரையில் நிறுவிய ஹாம்டன் நிலையமே அது. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது அதன் முதன்மை நோக்கம். இன்று அது ஹாம்டன் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அது எங்குள்ளது, எவ்வாறு செல்வது என்பன புக்கருக்குத் தெரியா. ஆயினும் அன்று முதல் இரவும் பகலும் அதே நினைவாயினான்.

பின்னர் அவன் திருமதி ரஃப்னர் என்னும் வெள்ளை மாதரசியின் வீட்டில் மாதம் ஐந்து டாலர் ஊதியத்திற்கு வேலைக்கு அமர்ந்தான். அவ்வம்மையார் மிகவும் கண்டிப்பானவர். எப்பொருளும் தூய்மையாகவும் ஒழுங்காகவும் இருத்தல் வேண்டும். எவ்வேலையும் காலத்தே முடிதல் வேண்டும். அவர் கண்டிப்புக்கு அஞ்சிப் பிள்ளைகள் பலர் வேலையை விட்டு ஓடியதுண்டு. புக்கர் நிலைத்து நின்று அவரது நம்பிக்கையைப் பெற்றான். அங்கே கற்ற துப்புரவு அவனுக்கு எவ்வாறு உதவியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1872ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவன் புறப்படத் துணிந்தான். ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி குடும்பச் செலவில் கரைந்துவிட்டது. சில டாலர்களே எஞ்சியிருந்தன. அண்ணன் ஜான் சுரங்கத்தில் உழைத்து, தன்னால் இயன்றதைக் கொடுத்தான். உடல் நலிவுற்றிருந்த தாயார், மகன் கைக்கெட்டாததை நாடிச் செல்கிறானோ என்று அஞ்சினார், அரைமனத்தோடுதான் இசைந்தார். அவரை மீண்டும் உயிரோடு காண்போமோ என்னும் கவலை புக்கரை வாட்டியது.

அவ்வேளையில்தான் ஊர் முதியவர்கள் வந்தனர். அவர்கள் தம் வாழ்வின் சிறந்த பகுதியை அடிமைத்தளையில் கழித்தவர்கள். தம் இனத்துப் பிள்ளை ஒருவன் வெளியூர் சென்று தங்கிப் படிக்கப் போகும் நாளைக் காண்போம் என்று அவர்கள் கனவிலும் கருதியதில்லை. ஒருவர் ஐந்து காசு கொடுத்தார். மற்றொருவர் இருபத்தைந்து காசு கொடுத்தார். வேறொருவர் ஒரு கைக்குட்டையைக் கொடுத்தார். நாள் முழுதும் உலையில் வெந்தவர்களுக்கு ஐந்து காசும் பெரும்பணமே. அதைப் பெற்றுக்கொண்ட பிள்ளை, இனித் தனக்காக மட்டும் படிக்க முடியாதவன் ஆகிவிட்டான்.

வழித்துன்பம்

தொலைவு ஏறத்தாழ 500 மைல் எனப் புக்கர் தம் நூலில் குறிப்பிடுகிறார். சிறிது தூரம் சென்றதுமே கைப்பணம் போதாது என்பது விளங்கிவிட்டது. மலைவழியில் குதிரை வண்டி நின்ற இடத்தில், உடன் வந்த வெள்ளையர்களுக்கு விடுதியில் அறை கிடைத்தது. கறுப்பன் என்பதால் புக்கருக்கு இடமும் இல்லை, உணவும் இல்லை. குளிரைப் போக்க இரவெல்லாம் நடந்துகொண்டே இருந்தான். பின்னர் நடந்தும், வழியில் சென்ற வண்டிகளில் இடம் கேட்டு ஏறியும் ரிச்மண்ட் நகரை அடைந்தான். அங்கிருந்து ஹாம்டன் இன்னும் 82 மைல். கையில் ஒரு காசும் இல்லை. பலகை பாவிய நடைபாதையின் அடியில் புகுந்து, பையைத் தலைக்கு வைத்து மண்ணிலே படுத்தான். விடிந்ததும் அருகில் ஒரு கப்பல் இரும்பு இறக்குவதைக் கண்டு வேலை கேட்டுப் பெற்றான். சில நாள் அங்கேயே உழைத்து, இரவில் அதே நடைபாதையின் கீழ் உறங்கிக் காசு சேர்த்தான். ஹாம்டனை அடைந்தபோது அவனிடம் எஞ்சியிருந்தவை சரியாக 50 காசுகள்.

முதலாண்டு

அழுக்கு உடையோடும் பசித்த முகத்தோடும் வந்து நின்ற சிறுவனைத் தலைமையாசிரியை மேக்கி அம்மையார் உடனே ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. மற்றவர்கள் சேர்க்கப்படுவதைப் பார்த்தவாறே புக்கர் காத்திருந்தான். சில மணி நேரத்திற்குப் பின், பக்கத்து வகுப்பறையைப் பெருக்குமாறு அம்மையார் பணித்தார். திருமதி ரஃப்னரிடம் கற்ற பாடம் அப்போது கைகொடுத்தது. புக்கர் அவ்வறையை மூன்று முறை பெருக்கினான். நான்கு முறை தூசு துடைத்தான். அம்மையார் தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளித் தூசும் ஒட்டவில்லை. புக்கர் சேர்த்துக்கொள்ளப்பட்டான். அவனுக்கு நுழைவுத் தேர்வாக அமைந்தது அவ்வறையே.

தங்குவதற்கும் உணவுக்கும் மாதம் பத்து டாலர் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டடப் பராமரிப்பு வேலையை மேக்கி அம்மையார் அவனுக்கு அளித்தார். இரவில் நெடுநேரம் உழைத்து, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து அறைகளில் கணப்பு மூட்டிவிட்டு, அதன்பின் அவன் பாடம் படித்தான். ஆண்டுக் கல்விக் கட்டணமான 70 டாலரை, ஜெனரல் ஆம்ஸ்ட்ராங்கின் முயற்சியால், வள்ளல் ஒருவர் செலுத்தினார்.

எல்லாமே அவனுக்குப் புதியவை. உரிய நேரத்தில் உண்பதும், மேசைவிரிப்பும், பல் துலக்கும் தூரிகையும், நாள்தோறும் குளிப்பதும் புதியவை. கட்டிலில் இரண்டு விரிப்புகள் இருந்தன. முதல் இரவு இரண்டிற்கும் அடியில் படுத்தான். மறுநாள் இரண்டிற்கும் மேலே படுத்தான். பிறகு மற்ற மாணவர்களைப் பார்த்து உண்மையை அறிந்துகொண்டான். தெரியாததைக் கண்டு வெட்கி ஒதுங்காமல், பார்த்துக் கற்றதே அவன் சிறப்பு.

ஆண்டு முடிந்ததும் மற்ற மாணவர்கள் வீடு திரும்பினர். புக்கரிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை. கல்லூரிக்கு 16 டாலர் கடன் வேறு இருந்தது. அருகிலிருந்த உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு நாள் மேசைக்கடியில் பத்து டாலர் தாள் ஒன்றைக் கண்டெடுத்தான். இடம் உணவக முதலாளியுடையது ஆதலின் அவரிடம் தெரிவித்தான். அவர் அதைத் தாமே எடுத்துக்கொண்டார். கடன் தீராமலே கல்லூரி திறந்தது. புக்கர் பொருளாளரிடம் சென்று நிலைமையை மறைக்காமல் கூறினான். இயலும்போது செலுத்தலாம் என அவர் நம்பிக்கையோடு விட்டுவிட்டார்.

கடன் தீர்த்தல்

இரண்டாம் ஆண்டின் முடிவில், தாயாரும் ஜானும் ஓர் ஆசிரியரும் அளித்த பொருளுதவியால் புக்கர் ஊர் திரும்பினான். ஒவ்வொரு குடும்பமும் அவனைத் தம் வீட்டில் உண்ணச் செய்து கல்லூரிக் கதைகளைக் கேட்டு மகிழ்ந்தது. ஆனால் உப்பு உலைகள் அணைந்து கிடந்தன, சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஒரு நாள் வேலை தேடி அலைந்து களைத்து, வழியிலிருந்த பாழ்வீட்டில் உறங்கினான். விடியற்காலை மூன்று மணியளவில் ஜான் தேடி வந்து, தாயார் அவ்விரவில் இறந்த செய்தியைக் கூறினான். தாயாரை நல்லபடி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. அது நிறைவேறவில்லை.

1875ஆம் ஆண்டில் புக்கர் ஹாம்டனில் தேர்ச்சி பெற்றார். வேறெங்கும் நிலைத்துவிடாமல் மால்டனுக்கே ஆசிரியராய்த் திரும்பினார். காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணிவரை உழைத்தார். பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் தொழிலாளர்களுக்கும் பாடம் நடத்தினார். சிறு படிப்பகம் ஒன்றை அமைத்தார். தலைவாரவும், குளிக்கவும், பல் துலக்கவும் பிள்ளைகளைப் பழக்கினார். தமக்காகச் சுரங்கத்தில் உழைத்த அண்ணன் ஜானைத் தம் ஊதியத்திலிருந்து சேமித்து ஹாம்டனுக்கு அனுப்பினார். ஊர் மாணவர் சிலரையும் ஆயத்தம் செய்து அனுப்பினார். ஊரார் கொடுத்த காசுகள் இவ்வாறு ஊருக்கே திரும்பி வந்தன.

1881 ஜூலை 4ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் முப்பது மாணவர்களோடு ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பினர். மூன்று முறை சூளை கெட்டது. தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் முறை முயன்று வென்றார். அந்நாளில் எழுபது வயது மூதாட்டி ஒருவர் தடியூன்றி வந்தார். அடிமையாய் வாழ்ந்த அவர், பிள்ளைகளின் படிப்புக்கெனத் தாம் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைக் கொடுத்துச் சென்றார். பெருஞ்செல்வர் பலர் பின்னர்ப் பெரும்பொருள் நல்கினர். ஆனால் அந்த ஆறு முட்டைகளைப்போல் தம் நெஞ்சைத் தொட்ட கொடை வேறில்லை என அவர் எழுதியுள்ளார். மால்டன் முதியவர்களின் கையில் ஐந்து காசு வாங்கியவருக்கன்றோ அம்முட்டைகளின் மதிப்புத் தெரியும்!

அவர் கருத்துகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்றாரல்லர். கறுப்பின மக்கள் முதலில் தொழிலிலும் பொருளிலும் உயர வேண்டும், அரசியல் உரிமைக்குப் பொறுத்திருக்கலாம் என்னும் அவர் போக்கை டுபாய்ஸ் போன்ற அறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். உரிமைக்காகக் காத்திருத்தல் கூடாது என்னும் அவர்கள் கருத்துக்கு வரலாற்றில் உறுதியான இடமுண்டு. எனினும் கல்விப் பணியில் புக்கர் ஆற்றிய தொண்டினை எவரும் மறுப்பதற்கில்லை. 1915 நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தபோது, டஸ்கிகீயில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். அந்நிலையம் இன்று பல்கலைக்கழகமாகத் திகழ்கிறது.

அன்பு மாணவர்களே! நீங்களும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க் கல்லூரிக்குச் செல்வீர்கள். அங்கே பலவும் புதியனவாய் இருக்கும். கலங்காதீர்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பெருக்கச் சொன்னால் மூன்று முறை பெருக்குங்கள். பெற்றோர்களே, உழைக்கும் பெருமக்களே! கொடுப்பது சிறிதென்று கூச வேண்டா. நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் படிக்கப் புறப்படும் நாளில், அவன் வீட்டு வாயில்வரை சென்று வாழ்த்தி, இயன்றதை அவன் கையில் வையுங்கள். அத்தொகை செலவாகிவிடும், அதைக் கொடுத்த கைகளை அவன் மறவான்.