தகுதி என்னும் தராசைச் செய்தவர்: வேதியியலாளர் கோனன்ட்டின் வாழ்வு

இடஒதுக்கீட்டு வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ‘தகுதி’ என்னும் சொல்லை எடுக்கும்போது, அது மண்ணிலிருந்து தோண்டியெடுத்த தாதுப்பொருளைப் போல, யாரும் செய்யாமல் தானே இருக்கும் ஒன்றைப் போலத் தோன்றும். மதிப்பெண்ணால் அளக்கப்படும் தகுதி, மனிதர்கள் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காகச் செய்த பொருள். அதன் நவீன வடிவத்தைச் செய்தவர்களுள் முதன்மையானவர், 1933 முதல் 1953 வரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட். அவர் கல்வியியலாளர் அல்லர், வேதியியலாளர். ஆய்வகத்திலிருந்து ஆலைக்கும், நச்சு வாயு உற்பத்தியிலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கும், அங்கிருந்து அணுகுண்டுத் திட்டத்தின் உயர்மட்டத்திற்கும் சென்றவர். அவரது வாழ்வைத் தொடர்ந்து படித்தால், அந்தத் தராசு யாருக்காகச் செய்யப்பட்டது, யார் அதன் தட்டில் ஏற்றப்படவே இல்லை என்பது புலப்படும்.

கோனன்ட் 1893 மார்ச் 26 அன்று பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில் பிறந்தார். தந்தை அச்சுக்கான படத்தகடுகள் செய்யும் தொழில் நடத்தியவர். வறுமையான குடும்பம் அன்று. ஆனால் பாஸ்டனின் ஆளும் குடும்பங்களுள் ஒன்றும் அன்று. அந்த ஆளும் குடும்பங்களுக்கு அங்கே வழங்கிய பெயர் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம்: பாஸ்டன் பிராமணர்கள். 1860இல் எழுத்தாளர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், நியூ இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கல்வியைக் கைக்கொண்டிருந்த குடும்பங்களை ‘பிராமணச் சாதி’ என்று வருணித்தார். அதைப் பெருமையாகவே சொன்னார். ஹார்வர்டு அவர்களின் அக்கிரகாரமாக இருந்தது. கோனன்ட் அதன் வெளி வாசலில் நின்றவர். ராக்ஸ்பரி இலத்தீன் பள்ளியில் அவருடைய அறிவியல் ஆசிரியர் நியூட்டன் பிளாக், சிறுவனின் ஆர்வத்தைக் கண்டுகொண்டு வழிகாட்டியதால் 1910இல் ஹார்வர்டுக்குள் நுழைந்தார். திறமையுள்ள சிறுவன், அதைக் கண்டுகொள்ளும் பெரியவர், திறக்கும் கதவு. தன் வாழ்வில் நிகழ்ந்த இந்த வரிசையையே அவர் பின்னாளில் நாடு முழுமைக்குமான விதியாக்க முனைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1916இல் முனைவர் பட்டம் பெற்றவுடன் இரு நண்பர்களோடு சேர்ந்து வேதிப்பொருள் உற்பத்தியில் இறங்கினார். போரினால் ஜெர்மனியிலிருந்து வரத்து நின்றிருந்தது, விலை ஏறியிருந்தது. முதல் கட்டடம் தீக்கிரையானது. நியூவர்க்கில் இரண்டாவது ஆலையைத் தொடங்கினர். ஹார்வர்டில் பாடம் நடத்த அழைப்பு வரவே கோனன்ட் அங்கே போய்விட்டார். அவ்வாண்டு நவம்பர் 27 அன்று ஆலை வெடித்தது; பங்காளியான ஸ்டான்லி பென்னக்கும் உடனிருந்தோரும் மாண்டனர். உற்பத்தி முறையைச் சோதித்ததில் கோனன்ட் செய்த பிழையும் ஒரு காரணம்.

அடுத்த ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ராணுவத்தின் வேதியியல் போர்ப் பிரிவில் சேர்ந்த கோனன்ட், 1918இல் ஒஹையோ மாநிலத்தின் வில்லோபி என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலையை லூயிசைட் என்னும் ஆர்சனிக் நச்சு வாயு ஆலையாக மாற்றும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. உள்ளே வந்த பணியாளர் போர் முடியும்வரை வெளியேற முடியாது என்பதால் அவ்விடத்திற்கு எலிப்பொறி என்றே பெயர். இருபத்தைந்து வயதில் மேஜர் பதவி. அந்த வாயு போர்க்களத்தை எட்டுமுன் போர் முடிந்தது. வாயுவால் கொல்வதும் வெடிகுண்டால் கொல்வதும் அறத்தின் கணக்கில் ஒன்றே என்பது அவர் முதுமையிலும் மாற்றிக்கொள்ளாத கருத்து. ஆய்வகத்துச் சோதனைக் குழாயிலிருந்து ஒரு பொருளைப் பெருமளவில் உற்பத்தி செய்வது எப்படி என்பதையும் வில்லோபியில்தான் அவர் கற்றார். அந்தக் கல்வியை அவர் வாயுக்களோடு நிறுத்தவில்லை.

ஹார்வர்டு திரும்பியபின் பச்சையம், குருதிச் சிவப்பணுப் பொருள் ஆகியவற்றின் வேதியியலில் மதிக்கத்தக்க ஆய்வுகள் செய்தார். 1921இல், தம் ஆசிரியரும் நோபல் பரிசாளருமான தியோடர் ரிச்சர்ட்ஸின் மகளை மணந்தார். 1933இல் பல்கலைக்கழகத் தலைவர் அபட் லாரன்ஸ் லோவெல் ஓய்வு பெற்றபோது, நாற்பது வயதான கோனன்ட் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லோவெல் விட்டுச்சென்ற ஹார்வர்டு எப்படி இருந்தது? 1922இல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்க முயன்றவர் லோவெல். வெளிப்படையான வரம்பு எதிர்ப்பைச் சந்தித்ததும், குணநலன், ஊர், பரிந்துரை என்று சுற்றுவழியில் அதையே நிறைவேற்றினார். முதலாண்டு மாணவர் விடுதிகளில் கறுப்பின மாணவர்கள் தங்கக் கூடாது என்றும் ஆணையிட்டார். விடுதி என்றால் என்ன, அதில் யாருக்கு இடமில்லை என்றால் என்ன பொருள் என்பதை நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் இளம் பேராசிரியராக இருந்த கோனன்ட், யூதர் வரம்பு பற்றிய விவாதத்தில் லோவெல் பக்கமே நின்றார்.

ஆயினும் தலைவரானதும் அவர் செய்த முதல் பெருங்காரியம் பழைய பிராமணர்களின் பிடியைத் தளர்த்துவதாகவே இருந்தது. 1934இல் தேசிய உதவித்தொகைத் திட்டத்தை மத்திய மேற்கு மாநிலங்களில் தொடங்கினார். குடும்பத்தின் வருவாய்க்கேற்பத் தொகை கூடும், குறையும்: வசதியுள்ளவனுக்குப் பட்டத்தின் பெருமை மட்டும், ஏழைக்கு முழுச் செலவும். பிற்காலத்தில் பொருளியல் நோபல் பெற்ற ஜேம்ஸ் டோபின் இவ்வழியே இலினாய் மாநிலத்திலிருந்து வந்தவர். நல்ல ஏற்பாடு, இன்றும் பின்பற்றத்தக்க ஏற்பாடு என்பேன்.

ஆனால் எந்த ஏழையை எடுப்பது? நல்ல பள்ளியில் படித்தவனுக்கே பாடத்தேர்வு எளிது. பள்ளியின் தரத்தைத் தாண்டி உள்ளார்ந்த திறனை மட்டும் அளக்கும் கருவி வேண்டும் என்று இரண்டு உதவி டீன்களிடம் கோனன்ட் கேட்டார். அவர்களுள் ஒருவரான ஹென்றி சான்சி கொண்டுவந்தது, 1926இல் முதன்முறையாக நடத்தப்பட்ட எஸ்.ஏ.டி. என்னும் தேர்வு. அதை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு நடத்திய அறிவுச் சோதனைகளை வைத்து, வடஐரோப்பிய வெள்ளையர் உயர்ந்தோர், பிற ஐரோப்பியர் தாழ்ந்தோர், கறுப்பினத்தவர் அடியில் என்று 1923இல் நூல் எழுதியவர் அவர். 1930இல் அந்த முடிவுகளை அவரே பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். அத்தகைய சோதனைகள் ஒருவரின் மொழியையும் வளர்ப்பையும் கலந்தே அளக்கின்றன என்று உணர்ந்துவிட்டார். தேர்வுகளையெல்லாம் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் யோசனையைக் கோனன்ட் முன்வைத்தபோது, அத்தகைய நிறுவனம் விற்பனையில் காட்டும் அக்கறையை ஆய்வில் காட்டாது என்று அஞ்சி எதிர்த்தவரும் பிரிகாமே. கருவியைச் செய்தவருக்கு ஐயம் வந்தது, வாங்கியவருக்கு வரவில்லை. 1943இல் பிரிகாம் இறந்தார். 1947இல் கல்வித் தேர்வுப் பணியகம் உருவானது. சான்சி அதன் தலைவர், கோனன்ட் அதன் ஆட்சிக்குழுத் தலைவர்.

தராசு தயாரானது. கதவுகளோ வேறு கணக்கில் திறந்தன. 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பிய யூத வேதியியலாளர் மாக்ஸ் பெர்க்மனை வேலைக்கு எடுக்கலாமா என்று டூபான்ட் நிறுவனம் கேட்டபோது, அவருடைய யூதத் தோற்றத்தையும் இயல்பையும் சுட்டி வேண்டாம் என்று கோனன்ட் எழுதினார். பெர்க்மன் தம் துறையில் உலகின் முன்னணி ஆய்வாளர்களுள் ஒருவர். தகுதியை மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன மனிதர், தம் முன் வந்த ஐயத்திற்கிடமில்லாத தகுதியை அன்று பார்க்க மறுத்தார். 1934இல் ஹிட்லரின் உதவியாளர் ஹான்ஃப்ஸ்டெங்கல் தர முன்வந்த உதவித்தொகையை அவர் மறுத்தது உண்மை. 1936இல் நாஜிகளின் பிடியிலிருந்த ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் 550ஆம் ஆண்டு விழாவிற்கு ஹார்வர்டின் பிரதிநிதியை அனுப்பியதும் உண்மை.

பெண்கள் மருத்துவப் பள்ளிக்குள் நுழைய 1945 ஆயிற்று. சட்டப் பள்ளிக்குள் நுழைய 1950. 1941 ஏப்ரலில் ஹார்வர்டின் லாக்ராஸ் அணியில் கறுப்பின மாணவர் ஒருவர் இருந்ததால் கடற்படைக் கல்லூரி ஆட மறுத்தது; ஹார்வர்டின் விளையாட்டு இயக்குநர் அம்மாணவரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆட்டத்தை நடத்தினார். மாணவர்கள் போராடிய பிறகே, இனி இவ்வாறு நடவாது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

1943இல் கோனன்ட் எழுதிய ஒரு கட்டுரை அவருடைய அறக்கட்டளை உறுப்பினர்களை அதிரவைத்தது. பரம்பரைச் சொத்து தலைமுறைக்கொரு முறை கலைக்கப்பட வேண்டும் என்று விரும்பும் அமெரிக்கத் தீவிரவாதி ஒருவன் நாட்டுக்குத் தேவை என்றார். மார்க்சை அன்று, ஜெஃபர்சனைத் துணைக்கழைத்தார். பிறப்பால் வரும் ஆதிக்கத்தை வேரோடு வெட்ட வேண்டும் என்று ஹார்வர்டின் தலைவரே எழுதியது சிறிய செய்தியன்று. எனினும் மறுஆண்டிலேயே, போரிலிருந்து திரும்பும் வீரர்கள் அனைவருக்கும் அரசு செலவில் கல்வி தரும் சட்டம் வந்தபோது, தகுதியற்றோர் பல்கலைக்கழகங்களில் வந்து குவிவார்கள் என்று அஞ்சினார். இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் கல்லூரிகளுக்குள் வந்தனர். ஹார்வர்டு கண்ட மாணவர்களில் இவர்களே மிகச் சிறந்தவர்கள் என்று சில ஆண்டுகளில் அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வடிகட்டி எடுத்த சிலர் அல்லர் இவர்கள். தேர்வு எதுவும் தேடிக் கண்டுபிடிக்காதவர்கள். ஒப்புக்கொண்டவர் அதிலிருந்து பாடம் எடுக்கவில்லை. தேர்வுப் பணியகத்தை அமைக்கும் வேலை தொடர்ந்தது.

இதே ஆண்டுகளில் அவர் வகித்த மற்றொரு பொறுப்பு அணுகுண்டு. தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் தலைவராக 1941 முதல் அத்திட்டத்தை மேற்பார்வையிட்டார். 1945 மே 31 அன்று போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனின் இடைக்காலக் குழு கூடியது. எதன்மீது போடுவது என்ற பேச்சு வந்தபோது, ஏராளமான தொழிலாளர் வேலை செய்யும் முக்கியமான போர்த் தொழிற்சாலையும், அதை நெருக்கமாகச் சூழ்ந்த தொழிலாளர் வீடுகளுமே தக்க இலக்கு என்று யோசனை சொன்னவர் கோனன்ட். ஸ்டிம்சன் ஏற்றார். கூட்டக் குறிப்பில் இது பதிவாகியுள்ளது. வழக்கறிஞராகப் பல ஆவணங்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியை எளிதில் கடக்க முடியவில்லை. ஆலையைச் சுற்றி யார் குடியிருப்பார்கள் என்பதை நியூவர்க்கும் வில்லோபியும் கண்ட அந்த வேதியியலாளர் நன்கு அறிந்திருந்தார். போருக்குப் பின் குண்டுவீச்சு பற்றிய கேள்விகள் எழுந்தபோது, 1947இல் ஸ்டிம்சன் பெயரில் வெளியான நியாயப்படுத்தும் கட்டுரைக்குத் தூண்டுதலாக இருந்தவரும் அவரே. ஆனால் 1949இல் ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று உறுதியாக எதிர்த்தார், ட்ரூமன் கேட்கவில்லை. அதே ஆண்டு, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்ற அறிக்கையிலும் கையொப்பமிட்டார். தகுதி என்ற சொல்லுக்கு அங்கே இன்னொரு பொருள் கிடைத்தது.

1953இல் ஹார்வர்டை விட்டு மேற்கு ஜெர்மனிக்கு உயர் ஆணையராகவும், பின்னர் தூதராகவும் சென்றார். திரும்பியபின் கார்னகி நிதியுதவியோடு அமெரிக்கப் பள்ளிகளை நேரில் பார்க்கத் தொடங்கினார். 1961இல் வெளிவந்த ‘சேரிகளும் புறநகர்களும்’ என்னும் நூலே அவருடைய எழுத்துகளில் நேர்மையானது என்று நான் கருதுகிறேன். பணக்காரப் புறநகர்ப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 1000 டாலர் வரை செலவாகிறது; பெருநகரப் பள்ளியில் அதில் பாதிகூட இல்லை. கறுப்பினக் குடியிருப்பு ஒன்றில், பள்ளியும் வேலையும் இல்லாமல் தெருவில் நின்ற இளைஞர்கள் பாதிக்கும் மேல். நகரங்களில் வெடிமருந்து குவிகிறது என்று எச்சரித்தார். சில ஆண்டுகளில் வாட்ஸும் நியூவர்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. ஆனால் அவர் சொன்ன தீர்வு? கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டாம், சேரிப் பள்ளிகளுக்குப் பணம் கொடுங்கள், தொழிற்பயிற்சி கொடுங்கள். பிரௌன் தீர்ப்பு வந்து ஏழாண்டு ஆகியும், பிரித்து வைப்பதே காயம் என்பதை அவர் காண மறுத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாம் நம்பிய தேர்வு, 1000 டாலர் பிள்ளையையும் அதில் பாதியும் கிடைக்காத பிள்ளையையும் ஒரே தாளில் உட்கார வைக்கிறது என்பதை, அந்தப் புள்ளிவிவரங்களை எழுதிய அதே கை எழுதவில்லை.

1978 பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவரில், 84ஆம் வயதில் கோனன்ட் காலமானார். நான்கரை மாதங்கள் கழித்து, ஜூன் 28 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி நூறு இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது செல்லாது. ஆனால் சேர்க்கையில் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்றது தீர்ப்பு. ஒதுக்கீட்டுக்கு மாற்றாக நீதிபதி பாவெல் சுட்டிக்காட்டிய முன்மாதிரி ஹார்வர்டின் சேர்க்கைத் திட்டம். தம் கருத்துரையின் பின்னிணைப்பாகவே அதைச் சேர்த்தார். கல்வித் திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மாணவரைச் சேர்த்தால் ஹார்வர்டு தன் உயிர்ப்பையும் அறிவுச் சிறப்பையும் இழந்துவிடும் என்று அந்தப் பின்னிணைப்பு சொல்கிறது.