பதவி துறந்து பணி ஏற்ற விபுலானந்த அடிகள்

ஈழத்திருநாட்டின் கிழக்குக் கரையிலே, கடலும் வயலும் கைகோத்து நிற்கும் காரைதீவு என்னும் ஊர், கண்ணகை அம்மன் வழிபாட்டால் பெயர் பெற்றது. அவ்வூரில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி பிறந்தவர் மயில்வாகனன். பின்னாளில் முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்தர் என்று தமிழுலகம் போற்றியது இவரையே.

அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய புலமையையே எடுத்துச் சொல்வர். அவர் பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரி, பேராசிரியர், பத்திரிகாசிரியர், இசை ஆராய்ச்சியாளர் என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் அவருடைய வாழ்வை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்போருக்கு வேறொன்று தெரியும். உயர்ந்த கதிரை ஒன்று கிடைத்த பின்னரும் பல தடவைகளில், அதனினும் தாழ்ந்ததாக உலகம் கருதும் ஒரு வேலை அவரை அழைத்தது. அவரும் எழுந்து போனார். தலைமை என்பது தொண்டின் மறுபெயர் என்பதை அவர் மேடையில் விளக்கியதைவிட வாழ்ந்து காட்டியதே அதிகம்.

ஆசிரியர் மயில்வாகனனார்

காரைதீவில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் படித்த சிறுவன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றான். பதினாறாம் வயதிலேயே கேம்பிரிட்ஜ் பரீட்சையில் சித்தியடைந்தார். தாம் படித்த மைக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பின்னர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அக்காலத்தில் ஆங்கிலப் பட்டமும் அதிபர் பதவியும் ஒருவருக்குக் கிடைப்பது சாதாரண விடயம் அன்று. வயதோ முப்பதை எட்டவில்லை. நல்ல சம்பளம், ஊரார் மரியாதை, கல்வித் திணைக்களத்தில் மதிப்பு எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. மேலும் உயர்வதற்கு வழியும் திறந்தே இருந்தது.

அதிபர் கதிரையிலிருந்து மாணாக்கன் பாய்க்கு

1922ஆம் ஆண்டில் அவர் அந்தப் பதவியை விட்டார். சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்திலே பிரமசாரியாகச் சேர்ந்தார். நேற்றுவரை ஒரு கல்லூரியையே நடத்திய அதிபர், இன்று மடத்தின் புதிய மாணாக்கன். அங்கே அவருக்குப் பிரபோத சைதன்யர் என்ற பெயர் வழங்கப்பட்டது. இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ்ச் சஞ்சிகையையும் வேதாந்த கேசரி என்ற ஆங்கிலச் சஞ்சிகையையும் பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1924ஆம் ஆண்டிலே, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடருள் ஒருவராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவு என்றால் உலகைவிட்டு ஒதுங்குவது என்றுதான் பலரும் எண்ணுவர். சுவாமி விவேகானந்தர் வகுத்த வழியோ வேறு. தன் ஆன்ம விடுதலையும் உலக நன்மையும் ஒருசேர நடக்க வேண்டும், துன்பப்படும் மனிதனுக்குச் செய்யும் பணி இறைவனுக்குச் செய்யும் பூசையாகும் என்பதே அவ்வழி. எனவே காவியுடை அணிந்த விபுலானந்தரை அடுத்த ஆண்டே அந்த வழி இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அதுவும் பள்ளிக்கூட வேலைக்கு.

பாடசாலைகளின் தொண்டர்

யாழ்ப்பாணத்திலே ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் கல்வி என்ற வழியைத் திறந்துவிட்டார். கிழக்கிலே அவ்வழி நெடுங்காலம் வளரவில்லை. கிறித்தவ மிஷன் பாடசாலைகள் நல்ல கல்வியை அளித்தன. அடிகளாரே அவற்றில் படித்தவர், படிப்பித்தவர். அந்நன்றியை அவர் ஒருபோதும் மறந்தவரல்லர். ஆனால் வசதியற்ற வயற்புறத்துக் கிராமங்களிலே பள்ளி வாசலையே காணாத பிள்ளைகள் ஏராளம். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளின் நிலையோ இன்னும் பரிதாபம்.

1925இல் நாடு திரும்பிய அடிகளார், இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற பாடசாலைகளின் முகாமையைத் தோளில் ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணியாற்றினார். யாழ்ப்பாணம் வைத்தீஸ்வர வித்தியாலயம், காரைதீவு சாரதா வித்தியாலயம் முதலியவை மிஷனின் அணைப்பில் வளர்ந்தன. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்துக்கு அப்பால், கல்லடி உப்போடையிலே, 1929ஆம் ஆண்டில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தரும் மாணவர் இல்லமும் அங்கே அமைந்தது.

அந்நாளில் உதவி பெறும் பாடசாலை ஒன்றின் முகாமையாளர் வேலை எத்தகையது என்பதை இன்றைய தலைமுறை அறிவது நல்லது. அரசாங்கத்தின் உதவிப் பணம் பிள்ளைகளின் வரவையும் பரிசோதகர்களின் அறிக்கையையும் பொறுத்தது. கட்டடமும் தளபாடமும் முகாமையாளரின் பொறுப்பு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அவர் கையாலேயே போய்ச் சேர வேண்டும். உதவிப் பணம் பிந்தினாலும் ஆசிரியரின் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கு மூன்று நேரச் சாப்பாடு பிந்தவே கூடாது. அறிஞர் ஒருவருக்கு இவை இனிக்கும் வேலைகள் அல்ல. கணக்கும் கடிதமும் அரிசி மூட்டையும் சூழ்ந்த அந்த வாழ்வை, சிலப்பதிகாரத்தையும் சேக்ஸ்பியரையும் ஒருங்கே கற்ற அந்த மனிதர் வேண்டி ஏற்றார்.

இவ்விடத்திலே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கல்லடிப் பாடசாலைக்கு அவர் சூட்டியது தம் குருவின் பெயர். மற்றையவை அன்னை சாரதாதேவியின் பெயராலும் கோயில் கொண்ட இறைவன் பெயராலும் விளங்கின. விபுலானந்தர் என்ற பெயரைத் தாங்கிய பாடசாலைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், அவர் மறைந்த பின்னர் மற்றவர்கள் நன்றியோடு பெயரிட்டவை.

பேராசிரியரும் சேரிப் பிள்ளைகளும்

1931ஆம் ஆண்டிலே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. தமிழ்ப் புலமைக்கு அந்நாளில் அதனினும் உயர்ந்த இருக்கை இல்லை எனலாம். அங்கே பகலில் பட்ட வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர், மாலையானதும் அருகிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை கொடுமையாக நிலவிய காலம் அது. சேரிக்குள் கால் வைப்பதையே இழிவென்று கருதியோர் பலர். பல்கலைக்கழக மண்டபத்தில் கிடைத்த மரியாதையை அடிகளார் சேரி வாசலுக்கும் எடுத்துச் சென்றார்.

1933இல் அப்பதவியையும் விட்டு மீண்டும் மிஷன் பணிக்கே திரும்பினார். விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டும் என்று சென்னையிலே அறிஞர்கள் கூடி முயன்றபோது, 1936ஆம் ஆண்டுச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராக விளங்கினார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலே அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். அழைத்த இடத்துக்குப் போனார்.

கொடுத்த விலை

தொண்டு இலவசமாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். அடிகளார் கொடுத்த விலை அவருடைய நேரமும் உடலும் ஆகும்.

பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே புதைந்து கிடந்த இசைக் குறிப்புக்களை, தாம் கற்ற பௌதிகத்தின் துணையோடும் கணிதத்தின் துணையோடும் ஆராய்ந்து, வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பை வெளிப்படுத்த அவர் முனைந்தார். அந்த ஆராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகளை எடுத்தது. முழு நேரமும் அதற்கே கொடுக்கக்கூடிய ஒருவருக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிரா. பாடசாலைக்கும் பத்திரிகைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தபின் எஞ்சிய நேரமே யாழுக்குக் கிடைத்தது.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு யாழ்நூல் அரங்கேறியது. உடல் நலிந்திருந்த நிலையிலேயே அடிகளார் அவ்விழாவுக்குச் சென்றார். ஆறு வாரங்கள்தான் கடந்தன. ஜூலை 19ஆம் திகதி கொழும்பிலே அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது வயது 55. திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவிலே மரநிழலில் சமாதி வைக்கப்பட்டது. இறைவன் விரும்புவது எந்த மலர் என்று வினவி, வாடும் பூவையன்றி உள்ளத்தையும் கூப்பிய கையையும் காட்டும் அவருடைய கவிதை அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு அருகில் துயிலும் பேறு எத்தனை பேராசிரியர்களுக்கு வாய்க்கும்?

அவருக்குப் பின்னும் நின்றது

தலைவர் ஒருவரின் தலைமையை அளக்க நல்ல அளவுகோல், அவர் இல்லாத நாளிலே அந்த வேலை என்னவாயிற்று என்று பார்ப்பதுதான். அடிகளார் இந்தியாவிலே இருந்த ஆண்டுகளிலும் கிழக்கின் பாடசாலைகள் மூடப்படவில்லை. காரைதீவைச் சேர்ந்த சுவாமி நடராஜானந்தர் போன்றோர் அச்சுமையைச் சுமந்தனர். பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்து, பிறரை வளர்த்து, தாம் விலகி நிற்கவும் அடிகளாருக்குத் தெரிந்திருந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறத் தொடங்கின. மிஷன் பாடசாலைகளும் கைமாறின. முகாமை மாறியது. பள்ளி மணியோ நிற்கவில்லை.

அன்றாட வாழ்வில்

அடிகளாரின் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. அவருடைய வழியில் ஓரடி வைப்பது கடினம். ஆனாலும் அவ்வழி துறவிக்கு மட்டும் உரியதன்று.

பாடசாலை அதிபர் ஒருவர் தமது ஆசிரியரின் சம்பளம் பிந்தினால் தாமே கந்தோர்ப் படி ஏறி இறங்குவாராயின், அது அந்த வழி. அலுவலகத்திலே மேலதிகாரி, பாராட்டு வரும்போது தம் கீழ் வேலை செய்தவரின் பெயரை முன்னே சொல்லி, குற்றம் வரும்போது தாம் முன்னே நிற்பாராயின், அதுவும் அந்த வழியே. ஆலய பரிபாலன சபையிலே பதவி வகிப்போர் காளாஞ்சி வாங்கும் வரிசையில் முதலிலும், அன்னதானப் பந்தி முடிந்து மடப்பள்ளி கழுவும்போது காணாமலும் இருந்தால், பதவி இருக்கும், தலைமை இராது. உபயப் பலகையில் பெயர் பொறிக்க முடியாத ஏழை அடியார் ஒருவர் வீதி கூட்டித் தரும் தொண்டும், திருவிழா உபயமும் ஒரே தட்டில் வைக்கப்படும் கோயிலிலேதான் இளைஞர்கள் விரும்பி வந்து சேருவர். வீட்டிலும் அப்படியே. மூத்தவர் சொல்லுக்கு மதிப்பு வருவது அவர் வயதினால் மட்டும் அன்று. வீட்டுச் சுமையில் பாரமான பக்கத்தை அவர் தூக்குவதை இளையவர் காண்பதனாலேயே.

வருடாந்தம் பொதுக்கூட்டம் கூடுகிறது. பதவிகளுக்குப் பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. யாருக்கு எந்தக் கதிரை என்ற கேள்வி எழும் அவ்வேளையிலே, யார் எந்த வேலையைச் செய்யப் போகிறார் என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்து எழுமாயின், காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் அந்தத் துறவியின் வாழ்வு வீண்போகவில்லை என்று துணிந்து கூறலாம்.