கணிதப் பேரறிஞர் ஆய்லர்

சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் லியோனார்டு ஆய்லர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு. மைந்தரும் சமயப்பணி பூணவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும், அந்நகரப் பல்கலைக் கழகத்துக் கணிதப் பேராசிரியர் யோகான் பெர்னூலி, இளைஞரின் நுண்ணறிவைக் கண்டு, தந்தையாரை இசைவித்துக் கணிதத்துறையில் புகச் செய்தார். 1727இல் ஆய்லர் உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கு நகரை அடைந்து, அங்குள்ள அறிவியற் கழகத்தில் அமர்ந்தார்.

எண்களுள் சில, ஒன்றாலும் தம்மாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடா. அவையே பகா எண்கள். 7, 13, 31 போன்ற சிறியவற்றைச் சிறுவரும் அறிவர். எண் பெரிதாயின், அது பகா எண்தானா என்று அறுதியிடுதல் அரிது. பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 4,29,49,67,297 பகா எண்ணே என நம்பியிருந்தார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டினார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தைந்து.

முப்பதாம் அகவையை ஒட்டி அவரது வலக்கண் பார்வை கெட்டது. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் பெர்லினில் வாழ்ந்து, 1766இல் பீட்டர்சுபர்க்குக்கு மீண்டார். அதன்பின் எஞ்சிய கண்ணிலும் புரை படர்ந்தது. 1771இல் நகரில் பெருந்தீ மூண்டது. அவர் இல்லமும் எரிந்தது. பேசல் நகரத்தவரான கிரிம் என்பவர் உள்ளே புகுந்து, பார்வை குன்றிய முதியவரைத் தூக்கிவந்து உயிர் காத்தார். அவ்வாண்டே கண்ணுக்கு அறுவை செய்தனர். சின்னாள் ஒளி தெரிந்தது. பின்னர் நோய் முற்றி அதுவும் அவிந்தது.

இந்நிலையிலேதான் அவர் ஒரு பேரெண்ணின் இயல்பை உலகறியச் செய்தார். முப்பத்தோர் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் குறைத்தால் 2,14,74,83,647 கிடைக்கும். மெர்சேன் என்னும் துறவி 1644இல் இதனைப் பகா எண் என்று கூறினார், மெய்ப்பித்தாரல்லர். மெய்ப்பிக்க வேண்டின், 46,340 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அவை ஏறத்தாழ 4,800. ஆய்லர் கையை நம்பாது கருத்தை நம்பினார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பின், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதியாக நிற்கும் என்று நிறுவினார். 311 அத்தகையது, 7, 11 முதலியன அல்ல. ஆகவே, சோதிக்க வேண்டியவை நூற்றினும் குறைந்தன. அவற்றுள் ஒன்றும் அவ்வெண்ணை வகுக்கவில்லை. 1772இல் தம் ஆசிரியரின் பேரனார்க்கு எழுதிய கடிதத்தில் இதனைத் தெரிவித்தார். மெர்சேன் கூறி நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இப்பகா எண்ணைக் கொண்டு அமையும் நிறைவெண்ணினும் பெரிய நிறைவெண்ணை இனி எவரும் காணார் போலும் என்று 1811இல் பார்லோ என்னும் ஆங்கிலேயர் எழுதினார். சற்று விரைந்து எழுதிவிட்டார் எனலாம். 1867இல் லாந்திரி என்பார் அப்பகா எண்ணினும் பெரிய பகா எண்ணைக் கண்டார். 2024இல் கணிப்பொறியின் துணையால் அறியப்பட்ட பகா எண்ணோ நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களை உடையது.

பார்வை இழந்தபின் ஆய்லர் வாய்மொழியாகச் சொல்லிவர, மக்களும் மாணாக்கரும் எழுதினர். அவருடைய படைப்புகளுள் ஏறத்தாழச் செம்பாதி இவ்வாறு தோன்றியவை. 1783 செப்டம்பர் 18ஆம் நாள், புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனசுக் கோளின் பாதையைப் பற்றி மாணாக்கர் லெக்செலோடு உரையாடிய பின்னர், மூளையில் குருதி கசிந்து மயங்கினார்; அன்றிரவே உயிர் நீத்தார்.